சிலிக்கனில் ஃபெயில்... துறைமுகத்தில் பாஸ்!



"டிராயிங் எதுக்குடா? அதான் கம்ப்யூட்டரே போட்டுத் தருதே!" என்ற வசனம் நம் ஹாஸ்டலில் தினமும் கேட்கும். விளைவு? சீனியரின் ஷீட் கண்ணாடி மேல், பல்பு கண்ணாடிக்குக் கீழ், நம் ஷீட் அதற்கும் மேல். ஒரே ராத்திரியில் ஆறு ஷீட் ரெடி! இதில் என் கருத்தைச் சொல்ல ஓர் ஓவியனைத் துணைக்கு அழைக்கிறேன்.

ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர், அமெரிக்கர். அப்பா ரயில்வே இன்ஜினியர். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் - மாஸ்கோ ரயில் பாதைக்காக உழைத்தவர். மகனோ வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் டிராயிங்கில் கெட்டி, கெமிஸ்ட்ரியில் அவுட்! சிலிக்கன் ஒரு வாயு என்று பதில் சொன்னாராம். 1854-ல் கல்லூரி அவரை வெளியே அனுப்பிவிட்டது.

அடுத்து அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் வேலை. அங்கேயும் சில மாதம்தான் தாக்குப்பிடித்தார். ஆனால் அந்தச் சில மாதத்தில் ஒரு தொழிலைக் கையில் வாங்கிக்கொண்டார். தாமிரத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டுப் படம் அச்சிடும் தொழில். கரையின் வளைவு ஒரு நூல் தப்பினாலும் கப்பல் தரை தட்டும். வரைபவனுக்கு அந்தப் பயம் இருந்தாக வேண்டிய இடம் அது.

1859-ல் லண்டன் வந்தவர் பூங்காவையோ அரண்மனையையோ தேடிப் போகவில்லை. தேம்ஸ் நதித் துறைமுகத்தில், மூட்டை தூக்குகிறவர்களும் படகோட்டிகளும் புழங்கும் பகுதியில் தங்கினார். கிடங்குகள், மரப் படிகள், பாய்மரக் கயிறுகள் எல்லாவற்றையும் நேரில் பார்த்துத் தாமிரத்தில் கீறினார்.

அந்தப் பயிற்சியில் பிறந்ததுதான் 'வாப்பிங்' என்ற எண்ணெய் வண்ண ஓவியம். ராதர்ஹைத் கரையில் ஒரு மதுக்கடையின் பால்கனி. அதில் ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும். அவர்களுக்குப் பின்னால் நதி முழுக்க நெருக்கியடித்து நிற்கும் கப்பல்கள், படகுகள், கொடிமரங்கள். அக்கரையில் வாப்பிங். சும்மா 'நிறைய கோடு' போட்டு ஒப்பேற்றவில்லை மனுஷன். எந்தக் கயிறு எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று தெரிந்தவனின் கை அது.

1860-ல் தொடங்கியது, 1864-ல்தான் கண்காட்சிக்குப் போனது. நாலு வருஷம்! முன்னால் இருக்கும் ஆட்களையே அழித்து அழித்து மாற்றினார். நாம் ஒரு ஷீட்டுக்கு ரெண்டாவது தடவை ரப்பர் எடுக்கவே அலுத்துக்கொள்கிறோம்!

அந்தப் பகுதியின் பழைய டாக்குகள் 1960-களின் கடைசியில் மூடப்பட்டுவிட்டன. சரக்கு இறங்கிய இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். ஓவியம் மட்டும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது.

இதைச் சொல்லி, "அரியர் வைத்தால் பெரிய ஆள் ஆகலாம்" என்று யாரையும் ஏற்றிவிட வரவில்லை. பேப்பரை எழுதி கிளியர் பண்ணுங்கள். ஆனால் ஒரு பேப்பர் போனதற்காக "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று பெட்டியைக் கட்டும் தோழனுக்கு ஒரு வார்த்தை: கெமிஸ்ட்ரி விஸ்லரைக் கைவிட்டது, அவர் தன் கண்ணையும் கையையும் கைவிடவில்லை.

கம்ப்யூட்டர் கோடு போடும், சரி. எந்தக் கோடு தப்பு என்று சொல்ல, அந்தப் பொருளைப் பார்த்த கண் வேண்டாமா? டிரேஸ் எடுப்பவன் சீனியரின் தப்பையும் சேர்த்தே டிரேஸ் எடுக்கிறான். நாளை ஒர்க்‌ஷாப்பில் அந்த அளவுக்குத்தான் இரும்பை வெட்டுவார்கள், அந்த பிளானுக்குத்தான் கம்பி கட்டுவார்கள். அடிபடப்போவது ஷீட் அல்ல, தொழிலாளி.

ஆகவே தோழர்களே, அடுத்த ஷீட்டுக்கு முன் அந்த பேரிங்கை ஸ்டோரிலிருந்து வாங்கிக் கையில் உருட்டிப் பாருங்கள். கட்டுகிற இடத்துக்குப் போய்ப் படிக்கட்டை அளந்து பாருங்கள். அப்புறம் வரையுங்கள். கோடு கொஞ்சம் கோணலாக வந்தாலும் அது உங்கள் கோடு!