பாட்டிலைத் திருப்பிப் பாருங்க

தாய்ப்பால் கொடுக்கும் மாதங்கள்ல ஈஸ்ட்ரோஜன் குறையும், அந்த இடத்தில் வறட்சி வரும். இதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை. லூப்ரிகன்ட் வாங்கும்போது முன்பக்கத்து 'நேச்சுரல்' என்பதை நம்பாம, பாட்டிலைத் திருப்புங்க. தண்ணீருக்கு அடுத்தே கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் இருந்தால் நான் திரும்ப வெச்சிடுவேன். அவை அதிகமானால் செல்களிலிருந்து நீரை இழுத்து எரிச்சல் தரும். ஆஸ்மோலாலிட்டி 1200-ஐத் தாண்டக் கூடாது, 380-க்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். (இந்த எண்ணைப் பல கம்பெனிகள் லேபிளில் போடுறதே இல்லை, எழுதிக் கேட்கணும்.) வாசனை சேர்த்தது, சூடேற்றும் ரகம் வேண்டவே வேண்டாம். சிலிக்கோன் வகையில் சேர்மானம் குறைவு, அதனால சென்சிடிவ் தோலுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கும். நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய்? தலைக்கு ஓகே. லேடெக்ஸ் காண்டம் பயன்படுத்துறவங்க தொடவே கூடாது, ரப்பர் பலவீனமாகிக் கிழிஞ்சிடும்.