குடும்பம் என்றால் அம்மாவும் சேர்த்துத்தானே?



முழுப் பரீட்சை முடியப் போகிறது. லீவுக்கு எங்கே போகலாம் என்றுதான் எல்லா வகுப்பிலும் பேச்சு. முக்கால்வாசிப் பேர் கடற்கரை என்கிறார்கள். கடல் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடிக்கும். ஆனால் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் மே மாதம் எங்கள் தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து, வேன் பிடித்து ஒரு கடற்கரைக்குப் போனோம். மூன்று மணி நேரப் பயணம். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து புளிசாதம் கட்டினாங்க. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏம்மா என்று கேட்டதற்கு, "அங்க ஒதுங்க இடம் இருக்கோ இல்லியோ" என்று மெதுவாகச் சொன்னாங்க. அம்மா பயந்த மாதிரியே ஆனது. அங்கே கழிப்பறை இருந்தது. ஆனால் பூட்டுப் போட்டிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பா, மாமா, தம்பி எல்லாரும் ஆசை தீரக் குளித்தார்கள். அம்மா மணலில் உட்கார்ந்து எல்லார் செருப்புக்கும் பைக்கும் காவல் இருந்தாங்க. "நீயும் வாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "புடவை நனைஞ்சா மாத்த இடம் ஏதுடி? ஈரத்தோட மூணு மணி நேரம் வேன்ல உக்காரணுமா?" என்றாங்க. நானும் கணுக்கால் வரைக்கும்தான் நின்றேன். மாமா எடுத்த போட்டோவில் எல்லாரும் தண்ணீரில் சிரிக்கிறோம். அம்மா மட்டும் இல்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடிச்சாங்க. அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பேப்பரில் ரிசார்ட் விளம்பரம் வருகிறது. 'குடும்பத்தோடு தங்கி மகிழ' என்று போட்டிருக்கும். ஒரு ராத்திரி வாடகை, எங்கம்மா ஒரு மாசம் களை எடுத்தாலும் வராது. அவ்வளவு பணம் கொடுத்து அங்கே என்னதான் வாங்குகிறார்கள்? நீச்சல் குளம், ஊஞ்சல் எல்லாம் அப்புறம். முதலில் சுத்தமான கழிப்பறை, துணி மாற்ற ஓர் அறை, நிழல், குடிதண்ணீர். இதெல்லாம் காசு உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்றால் எப்படி? கடலுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் பெண்களுக்கு மட்டும் ஏதோ டிக்கெட் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

இது முடியாத காரியம் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் நம்ம கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதே வருஷம் புதுச்சேரியில் ஈடன் கடற்கரைக்கும் கிடைத்தது. டென்மார்க்கில் இருக்கிற ஓர் அமைப்பு இதைத் தருகிறது. 33 விதிகள் இருக்கின்றன. தண்ணீர் சுத்தமா, கழிப்பறை சுத்தமா, உயிர் காக்கும் காவலர் இருக்கிறாரா, முதலுதவி இருக்கிறதா, மாற்றுத்திறனாளிகள் வர வழி இருக்கிறதா என்று எல்லாம் பார்ப்பார்கள். ஒரு தடவை வாங்கினால் போதாது, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அங்கே முடிந்தது மற்ற ஊர்க் கடற்கரைகளில் ஏன் முடியாது? 33-ம் வேண்டாம், முதலில் நாலைந்தாவது செய்யலாமே!

இன்னொன்று, காவல். அன்றைக்குத் தம்பியை ஓர் இழுப்பு உள்ளே இழுத்துவிட்டது. அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த மீனவத் தாத்தா ஒருவர், "கரைக்கு வராத, பக்கவாட்டுல போ!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து தூக்கினார். இழுப்பை எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும், கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும் என்று அப்புறம் அறிவியல் சார் விளக்கினார். அந்தத் தாத்தா இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும்?

நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதே நாட்களில்தான் நமக்கு லீவு, கடற்கரையில் கூட்டம். வேலை இல்லாமல் இருக்கும் மீனவ அண்ணன்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்துக் காவலுக்கு வைத்தால் என்ன? கடலை அவர்களைவிட யாருக்குத் தெரியும்? கழிப்பறையையும் துணி மாற்றும் அறையையும் பார்த்துக்கொள்ள அந்த ஊர் அக்காக்களை வைக்கலாம். சாவி எங்கே என்று தேட வேண்டியிருக்காது.

"கக்கூஸ் பத்தி எல்லாமா சுவரிதழ்ல எழுதுவாங்க?" என்று சில பையன்கள் சிரிப்பார்கள். எனக்கும் எழுத வெட்கமாகத்தான் இருந்தது. தமிழ் டீச்சர்தான், "தண்ணி குடிக்காம இருந்தது உங்கம்மா. வெட்கப்பட வேண்டியது நீ இல்ல" என்றாங்க. சிரிப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போய், வெளியூர் போகும் நாளில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த லீவில் கடலுக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கழிப்பறை பூட்டியிருந்தால் பேசாமல் திரும்பி வராதீர்கள், அந்த ஊர் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மனு எழுதத்தான் நமக்குப் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே! கடலில் இறங்குமுன் எங்கே இழுப்பு இருக்கிறது என்று மீனவர்களைக் கேளுங்கள். பைக்கும் செருப்புக்கும் ஆளுக்கு அரை மணி நேரம் காவல் இருங்கள். அப்பாவும் இருக்கட்டும்.

நாங்கள் இந்த வருஷமும் போகிறோம். மாற்றுப் புடவையும், நாலு பக்கம் கட்டி மறைக்க ஒரு பழைய போர்வையும் எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை போட்டோவில் அம்மாவும் இருக்கணும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி