ஆலையும் ஆறும்

ஊரை நகரமாக்குவதில் தொழிலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஓர் ஆலை எழுந்தால் அதனைச் சுற்றிப் பட்டறைகளும் கடைகளும் வங்கிகளும் பெருகும். வேலை தேடி மக்கள் வந்து குடியேறுவர். இவ்வாறு தொழில் நகரை வளர்க்க, நகரம் தொழிலை வளர்க்கும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நகர்ப்புறங்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர்; தமிழ்நாட்டிலோ 48 விழுக்காட்டினர்.

இவ்வுறவுக்குக் கொங்கு நாடு தக்க சான்றாகும். கோயம்புத்தூரில் 1888இல் நூற்பாலை தோன்றியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் பெருகின. அருகிலுள்ள திருப்பூர், பருத்தி வணிகத்திலிருந்து பின்னலாடைத் தொழிலுக்கு வளர்ந்தது. பின்னுதல், சாயமேற்றுதல், வெட்டுதல், தைத்தல் எனப் பணிகள் தனித்தனிக் கூடங்களில் நடைபெற்றமையால், சிறுமுதல் உடையோரும் தொழில்முனைவோர் ஆயினர். பெண்களும் வெளிமாநிலத்தவரும் வேலை பெற்றனர். 2008இல் திருப்பூர் மாநகராட்சியாயிற்று. 2009இல் மாவட்டத் தலைநகராயிற்று.

ஆயினும், இவ்வளர்ச்சிக்கு உரிய விலையை நொய்யல் ஆறு கொடுத்தது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் அவ்வாற்றில் சாயக்கழிவு பெருகியது. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. கிணறும் வயலும் உப்பேறவே, உழவர் நீதிமன்றத்தை நாடினர். விதிகளை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உழவர் முன்பே விளைச்சலை இழந்திருந்தனர்; இப்போது தொழிலாளர் வேலையை இழந்தனர். கழிவை ஆற்றில் விடும் முடிவில் இவ்விரு சாராருக்கும் பங்கில்லை. துன்பத்தில் மட்டுமே பங்கு கிடைத்தது.

பின்னர், கழிவுநீரை வெளியேற்றாமல் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் முறையைக் கைக்கொண்டு ஆலைகள் இயங்கின. அதற்குச் செலவு மிகுதி என்பது உண்மையே. ஆனால், தூய்மைப்படுத்தாமல் விட்ட காலத்தில் அச்செலவு மறைந்துவிடவில்லை. அஃது ஆற்றங்கரை உழவரின் தோளுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஒருவர் ஈட்டும் பொருளின் செலவை மற்றொருவர் சுமப்பது வணிகமும் ஆகாது, வளர்ச்சியும் ஆகாது.

தொழில் வேண்டுமா, ஆறு வேண்டுமா என்னும் வினாவே பிழையானது. நீரின்றிச் சாயத்தொழிலும் இல்லை. வேலையின்றி நகரமும் இல்லை. எனவே ஆலைக்கு அடிக்கல் நாட்டும் நாளிலேயே கழிவுக்கும் குடிநீருக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் வழிவகுத்தல் வேண்டும். ஏற்றுமதிப் பெருக்கம் ஒரு நகரின் செல்வத்தைக் காட்டும். அந்நகரைக் கடந்து செல்லும் ஆற்றின் நீரே அதன் பண்பைக் காட்டும்.