நுரைக்கு நேரம் கொடுங்கள்



ஜூன் இதழ், தந்தையர் தின இதழ். அப்பாவுக்கு என்ன வாங்குவது என்று பிள்ளைகள் யோசிக்கும் மாதம் இது. சட்டை, கைக்கடிகாரம், செருப்பு எல்லாம் வாங்கித் தீர்ந்துபோன வீடுகளில் ஷேவிங் செட் முறை வந்துவிடும். அதனால் இம்முறை இந்தப் பக்கத்தைச் சவர நுரைக்கே கொடுத்துவிட்டேன்.

1959-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. உப்புத்தாளின் மேல் 'ரேப்பிட் ஷேவ்' நுரையைப் பூசுவார்கள். மறுநொடியே ரேசரால் ஒரே இழுப்பு, மணல் வழித்துக்கொண்டு வந்துவிடும். உண்மையில் அது உப்புத்தாளே இல்லை. பிளெக்சிகிளாஸ் தகட்டின் மேல் மணலை ஒட்டிவைத்திருந்தார்கள். ஃபெடரல் டிரேட் கமிஷன் இதைச் சும்மா விடவில்லை. அந்த நுரையைத் தயாரித்த கோல்கேட்-பாமாலிவ் நிறுவனத்துக்கும் கமிஷனுக்குமான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1965 ஏப்ரலில் கமிஷன் பக்கம் தீர்ப்பானது. எழுதியவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விவரத்தைச் சவரம் செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்கலாம்: உப்புத்தாளை நிஜமாகவே மழிக்க முடியும், ஆனால் அதைச் சுமார் 80 நிமிடம் ஊறவைக்க வேண்டும்.

தாடிக்கும் இதே நியாயம்தான். 80 நிமிடம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். தண்ணீர் இறங்கிய முடி உப்பி இளகிவிடும், பிளேடு சிரமப்படாமல் அறுக்கும். அந்தத் தண்ணீரைக் காயவிடாமல் முகத்தில் தேக்கிவைப்பதும், பிளேடு வழுக்கிப் போக வழி செய்வதும்தான் நுரையின் வேலை. டப்பாவை அழுத்தியதும் பொங்கி வருவதில் வாயு அதிகம். பூசிய கையோடு மழித்துவிடுகிறோம். கழுத்தில் சிவந்து தடித்துப்போகிறது என்று சொல்பவர்கள் பலருக்கும் பாதிக் காரணம் இந்த அவசரம் என்பது என் எண்ணம்.

நியூ ஜெர்சி வாசகர்கள் இந்தக் கதைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறீர்கள். ஜெர்சி சிட்டியில் ஹட்சன் ஆற்றங்கரையில் நிற்கிறதே, 50 அடி விட்டமுள்ள கோல்கேட் கடிகாரம், 1924-இல் வைத்தது, அது அந்த நிறுவனத்தின் பழைய ஆலை இருந்த இடம். சவர சோப்பைக் குச்சி, தூள், கிரீம் என்று மூன்று வடிவத்தில் விற்ற நிறுவனம் அது. நம் சித்தப்பா, மாமாக்கள் கன்னத்தில் தட்டிக்கொண்ட ஓல்ட் ஸ்பைஸும் இந்த மாநிலத்துச் சரக்குதான். அதைத் தயாரித்த ஷுல்டன் கம்பெனியின் ஆலை கிளிஃப்டனில் இருந்தது. பாய்மரக் கப்பல் படம் போட்ட வெள்ளைக் குவளைக்குள் சோப்பு வில்லையை வைத்து விற்றார்கள். அந்தக் குவளைகள் இன்றும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன.

அந்தக் குவளை முறைதான் புதிதாகப் பழகுபவர்களுக்கு நல்லது. பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து, லேசாக உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். அதை அகலமான கிண்ணத்துக்கு மாற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கடையுங்கள். முதலில் பெரிய குமிழிகள் வரும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். தண்ணீர் சேரச்சேரக் குமிழி மறைந்து, கடைந்த தயிர்போலப் பளபளப்பு வந்தால் பதம். பெரும்பாலும் நாம் தண்ணீரைக் குறைத்துவிட்டு சோப்பைக் குறை சொல்கிறோம்.

ஊர் சலூன்களில் பார்த்து வளர்ந்தது இன்னொரு முறை. கன்னத்திலும் தாடையிலும் கிரீமைப் புள்ளி வைத்து, ஈரப் பிரஷ்ஷால் முகத்திலேயே வட்டமாகத் தேய்த்து நுரை எழுப்புவது. பிரஷ்ஷின் உரசலில் படிந்த முடி நிமிர்ந்துகொள்ளும், தேய்க்கிற நேரத்திலேயே ஊறியும் விடும். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. தோல் சட்டென்று எரிகிறவர்கள் மட்டும் கிண்ணத்தோடு நின்றுகொள்ளலாம். பயணத்தில் கிண்ணம் இல்லையென்றால் உள்ளங்கை இருக்கிறது. கைச்சூட்டில் நுரை நன்றாகவே வரும். பிரஷ்ஷே வேண்டாம் என்ற கிரீம்களும் அமெரிக்காவில் நூறாண்டுப் பழமை: பார்பசால் 1919-இல் வந்தது, நெடுஞ்சாலை ஓரத்தில் எதுகைப் பாட்டுப் பலகைகள் நட்டு விற்ற பர்மா-ஷேவ் 1925-இல். அவசரத்துக்கு அவையும் சரி, ஊறவிடும் பொறுமை இருந்தால்.

நுரை வரவில்லை என்று டெக்சாஸ் நண்பர்கள் சொன்னால் நம்புங்கள். சான் அன்டோனியோவின் தண்ணீர் பெரும்பாலும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து, சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருகிறது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாக அழுக்குப்போலப் படியும், நுரை படுத்துவிடும். சான் பிரான்சிஸ்கோவுக்கோ 1934 முதல் ஹெட்ச் ஹெட்சி தண்ணீர் வருகிறது. சியரா மலைப் பனி உருகிக் கருங்கல் பாறைமேல் ஓடி வருவதால் உப்பு குறைவு. அங்கே அரை நிமிடத்தில் பொங்கும் அதே சோப்பு சான் அன்டோனியோவில் முரண்டு பிடிக்கும். ஒரு சவரத்துக்கான நுரைக்கு அரைக் குவளைத் தண்ணீர்கூடத் தேவையில்லை. மளிகைக் கடையில் கேலன் கணக்கில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக் கொஞ்சம் சூடாக்கிப் பாருங்கள். சோப்பை மாற்றுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பார்ப்பது சிக்கனம்.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கச் சவர சோப்புகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு உண்டு. சீட்டில் 'டேலோ' என்றோ 'டேலோவேட்' என்றோ போட்டிருப்பார்கள். பிரஷ்களிலும் வளைக்கரடி முடி, பன்றி முடி வகைகள் இருக்கின்றன. தேங்காயெண்ணெய் போன்ற தாவர எண்ணெய் சோப்புகளும் செயற்கை இழைப் பிரஷ்களும் எளிதாகக் கிடைக்கின்றன. செயற்கை இழை சீக்கிரம் காயும், விலையும் குறைவு. பரிசு கொடுப்பதானால் நான் அதையே சிபாரிசு செய்வேன்.

ஊரிலிருந்து அப்பாவையோ மாமனாரையோ வரவழைத்திருக்கிறீர்களா? அவர் எப்படி நுரை போடுகிறார், முதன்முதலில் எந்தச் சோப்பில், யாரிடம் சவரம் பழகினார் என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். நீங்கள் இருக்கும் ஊரையும் அங்கத்துத் தண்ணீரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். நல்ல கடிதங்களை ஜூலை இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்