பூனைவணங்கி

மூன்று கிழமைகளுக்கு முன்னர் இப்பகுதியிலே எங்கள் வீட்டு மிளகாய் நாற்றுமேடையைப் பற்றி எழுதியிருந்தேன். மண்ணைக் கொத்திப் பொடியாக்கியதையும், எருவும் சாம்பலும் கலந்ததையும், விதையைத் தூவி மேலே வைக்கோல் பரப்பியதையும் மிகுந்த பெருமையோடு விரித்துரைத்தேன். அதன்பின் நாற்றுமேடையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கோயில் வீதியிலே காணும் நண்பர்கள், "மாஸ்டர், மிளகாய்க் கன்று எந்தளவிலே நிற்குது?" என்று கேட்கிறார்கள். "நாற்று நலம்" என்று கூறி நழுவிவிடுகிறேன். உண்மையில் அந்த நாற்று நலமன்று. நாற்றுக்கு நேர்ந்ததைச் சொல்லப் புகுந்தால் நான் செய்ததையும் சொல்லவேண்டி வரும். அதனை இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வளவுக்கு ஒரு பூனை வந்து சேர்ந்து ஓராண்டாகிறது. நாங்கள் விரும்பிக் கொண்டுவந்ததன்று. ஒரு மழை நாளிலே பின்வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, அடுக்களைத் தாழ்வாரத்திலே குந்திக்கொண்டது. நிறமும் சாம்பல், படுப்பதும் அடுப்படிச் சாம்பலில். ஆதலால் என் மகள் அதற்குச் சாம்பலி என்று பெயரிட்டாள். எங்களுடையது சைவ வீடு. அம்மா பாலுஞ் சோறும் பிசைந்து சிரட்டையிலே வைப்பார். அதனை மறுக்காமல் உண்டுவிட்டு, இரவிலே எலியும் பல்லியும் பிடித்துத் தன் குறையைத் தீர்த்துக்கொள்ளும். அதனைக் குறைகூறுவதற்கில்லை. தௌரின் என்னும் ஒரு சத்தைப் பூனையின் உடல் தானே போதிய அளவிலே ஆக்கிக்கொள்ள மாட்டாது. மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் அச்சத்துக் குறைந்தாற் கண்பார்வை கெடும் என்பதனை 1975இலும், இருதயம் நலியும் என்பதனை 1987இலும் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். அம்மாவுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனாற் சாம்பலி எலியோடு வரும்போது வேறு பக்கம் பார்க்கத் தெரியும்.

மார்கழி மாதத்திலே சாம்பலி விறகுக் கொட்டிலில் மூன்று குட்டிகளை ஈன்றது. அதே நாட்களிலேதான் நான் நாற்றுமேடை போட்டேன். பூனை தன் கழிவை மண்ணிலே புதைக்கும் இயல்புடையது. அதற்கு இளகிய மண் வேண்டும். ஈரம் மிகாத மண் வேண்டும். மழையில் இறுகிக் கிடந்த வளவிலே அத்தகைய மண் ஓரிடத்தில் மட்டுமே இருந்தது. ஒருநாட் காலை மேடையின் ஒரு மூலை கிளறப்பட்டுக் கிடந்தது. சீர்செய்து மறுபடி விதை தூவினேன். ஐந்தாறு நாள் கழித்துப் பார்த்தபோது, முளைத்திருந்த கன்றுகளிற் பாதி வேர் மேலே தெரியக் காய்ந்து கிடந்தன.

"இஞ்சருங்கோ, உந்தப் பூனையும் குட்டியளும் இருக்குமட்டும் ஒரு கன்றும் மிஞ்சாது" என்றாள் மனைவி. அவள் சொன்னது அவ்வளவே. குட்டிகளைக் கொண்டுபோய் விடும்படி அவள் சொல்லவில்லை. அந்த முடிவு என்னுடையது.

சனிக்கிழமை காலை, மகள் சங்கீத வகுப்புக்குப் போயிருந்த வேளை பார்த்து, மூன்று குட்டிகளையும் ஒரு பனையோலைக் கடகத்தில் வைத்து, பழஞ்சீலையால் வாய்கட்டி, சைக்கிளின் பின்னே வைத்துக்கொண்டு மீன்சந்தைக்குப் போனேன். மீன் வெட்டும் இடத்திலே செதிலும் குடலும் கிடக்கும். எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பிறந்து மூன்று கிழமையான குட்டி மீன்குடல் தின்னாது. அதற்குத் தாய்ப்பாலன்றி வேறு உணவில்லை. இது எனக்குத் தெரியாததன்று. தெரிந்த ஒன்றை வேண்டிய நேரத்திலே நினையாமல் இருப்பதற்கு மனிதனுக்கு ஒரு தனித் திறமை உண்டு.

முதல்நாள்தான் வகுப்பிலே சீவகாருண்யத்தைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசியிருந்தேன். மாமல்லபுரத்துப் பெரும்பாறையிலே, 7ஆம் நூற்றாண்டிற் பல்லவர் காலத்துச் சிற்பி செதுக்கிய ஒரு பூனை உண்டு. முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தி அது தவஞ்செய்ய, எலிகள் அதனைச் சூழ்ந்து நிற்கும். உருத்திராட்சப் பூனை என்று நாம் பிறரை ஏசுகிறோம். வெறுங்கடகத்தோடு வீடு திரும்பிய எனக்கு அந்தப் பட்டம் அன்று நன்றாகப் பொருந்தியது.

மத்தியானந் தொடங்கிச் சாம்பலி தேடிற்று. விறகுக் கொட்டில், கிணற்றடி, வைக்கோற்போர், மறுபடியும் விறகுக் கொட்டில். அதன் குரல் வழக்கமான குரலன்று. தாழ்ந்து, நீண்டு, கேள்வி கேட்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு முறை குரல் கொடுத்தபின்னும் சற்று நின்று செவி சாய்த்தது. மகள் வந்து கேட்டபோது, வேறோர் இடத்திலே விட்டிருக்கிறேன் என்றேன்.

"அப்பா, அதுகள் இரவைக்கு எங்கை படுக்கும்?"

என்னிடம் விடை இல்லை.

அம்மா திண்ணையிலே இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே, "தம்பி, மணியனை நினைவிருக்கோ?" என்றார்.

மணியன் நாங்கள் முன்பு வளர்த்த பூனை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டதை இப்பத்திரிகை வாசகர்க்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று எனக்குப் பதினைந்து வயது. ஒரு சைக்கிளிலே அரிசியும் உடுப்பும் ஐயாவின் புத்தகங்கள் சிலவும் கட்டினோம். அம்மா ஒரு சட்டி நிறையச் சோற்றை அடுக்களை வாசலிலே வைத்தார். சில நாளிலே திரும்பிவிடலாம் என்றே எல்லாரும் எண்ணினோம். மணியன் படலைவரை எங்களோடு வந்து, படலையின்மேல் ஏறியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் திரும்பி வந்தது 1996ஆம் ஆண்டு சித்திரை கழிந்த பின்னர். சட்டி வைத்த இடத்திலே இருந்தது. மணியன் இல்லை. அதன்பிறகு அம்மா பூனை வளர்க்கவில்லை, சாம்பலி வரும்வரையில்.

"நினைவிருக்கு, அம்மா" என்றேன்.

"அப்ப எங்களுக்கு வேறை வழியில்லை. இண்டைக்கு எங்களை ஆர் கலைச்சது?"

அவ்வளவுதான். சுளகை எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

பொழுதுபடுகிற நேரத்திலே மறுபடியும் சந்தைக்குப் போனேன். வியாபாரம் முடிந்து தரை கழுவப்பட்டிருந்தது. சீமெந்து மேடையொன்றின் கீழே, நனையாத ஒரு மூலையில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. இரண்டாவது, உடைந்த மீன்பெட்டிக்குப் பின்னால். நான் கை நீட்டியபோது அது பின்வாங்கிச் சீறிற்று. சீறிய வாயினுள்ளே பற்கள் வெள்ளை வெளேரென்று மிகச் சிறியனவாய்த் தோன்றின. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையிலே முல்லை அரும்புக்குக் காட்டுப்பூனையின் சிரிப்பை உவமையாகச் சொல்லியிருக்கிறார். இருபது ஆண்டுகளாக அச்செய்யுளைப் படிப்பித்து வருகிறேன். அவ்வுவமை எத்துணை உண்மையானது என்பதனை மீன்சந்தைத் தரையிலே முழந்தாளிட்டிருந்த அவ்வேளையிலேதான் கண்டேன்.

மூன்றாவது குட்டியைக் காணவில்லை. வாய்க்காலோரம், வண்டிகள் நிறுத்தும் இடம், பக்கத்துக் கடைகளின் பின்புறம் எல்லாம் கைவிளக்கைப் பிடித்துத் தேடினேன். கத்தி கழுவிக்கொண்டிருந்த ஒருவர், "காலமை மூண்டு கிடந்தது, மாஸ்டர். பிறகு நான் கவனிக்கேல்லை" என்றார். யாரேனும் ஒரு பிள்ளை எடுத்துப்போயிருக்கலாம். வேறு விதமாகவும் நடந்திருக்கலாம்.

வீட்டிலே கடகத்தைத் திறந்ததும் சாம்பலி குட்டிகளை முகர்ந்து பார்த்து, ஒவ்வொன்றாகப் பிடரியிலே கவ்விக்கொண்டு, சாமான் அறைப் பெட்டிக்குப் பின்னே கொண்டுபோய் வைத்தது. மீண்டும் கடகத்தடிக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. அடுத்த இரண்டு நாளும் அப்படி வந்து பார்த்தது. முன்னெல்லாம் நான் விடைத்தாள் திருத்தும்போது தாள்களின்மேலே வந்து படுத்துக்கொள்ளும். அன்று தொடக்கம் நான் ஒரு வாசலால் நுழைந்தால் அது மறு வாசலால் வெளியேறிற்று.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, மழைக்குப்பின் தழைத்த களையைப் பிடுங்கினேன். கோரை, மூக்கிரட்டை, கீழ்க்காய்நெல்லி, இவற்றோடு முழங்கால் உயரத்துக்குக் குப்பைமேனி. ஈர மண்ணாகையால் அது வேரோடு வந்தது. பிடுங்கியதைக் காலடியிலே குவித்துக்கொண்டு போனேன். சிறிது நேரத்திலே பின்னால் ஓர் அரவம். சாம்பலி! குவியலை முகர்ந்தது. வேரிலே கன்னத்தைத் தேய்த்தது. தலையை நிலத்திலே பதித்து, என் பாதத்தின் அருகே மல்லாந்து புரண்டு, வேரை முன்னங்கால்களால் அணைத்துக்கொண்டது.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று மற்றொரு பெயரும் உண்டு. நம் முன்னோர் பார்த்து வைத்த பெயர் அது. மேனாட்டுத் தோட்டங்களிலே பூனைகளை மயக்கும் காட்னிப் என்னும் புதினாக் குடும்பச் செடியில் நெப்பெற்றாலக்ரோன் என்னும் பொருள் உண்டு. அதனை மிகவும் ஒத்த ஒரு சேர்வை குப்பைமேனி வேரிலும் இருக்கிறது. பூனை ஏன் இவ்வாறு புரள்கிறது என்பதற்கும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. அதே குணமுடைய வேறொரு கொடியின் இலையைக் கொண்டு யப்பானிய ஆராய்ச்சியாளர் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்விலே, அவ்விலையை உடலிற் பூசிக்கொண்ட பூனையை நுளம்பு அண்டுவது குறைந்தது. ஆயினும் பூனைக்கு இன்பந் தருவது என்பதற்காக மனிதர் குப்பைமேனியைக் கண்டபடி உட்கொள்ளலாகாது. குறித்த ஒரு நொதியம் பிறப்பிலேயே குறைந்தவர்க்கு அதனாற் செங்குருதிக் கலங்கள் சிதைந்து ஆபத்து விளைந்ததை நம் நாட்டு வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற மகள், "அப்பா, உங்களோடை கோபம் தீர்ந்திட்டுதோ?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. அது வேரின் வேலை" என்றேன்.

ஆமென்று சொல்லியிருந்தால் அவள் மகிழ்ந்திருப்பாள். எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்த வணக்கம் என்னுடையதன்று. கால்மணி நேரத்திலே மயக்கந் தெளிந்தது. சாம்பலி எழுந்து உடலை உதறி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குட்டிகளிடம் போய்விட்டது.

இனி, நாற்றுமேடையைக் காப்பதற்கு முன்பே செய்திருக்கவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். விதை தூவிய மேடையின்மேல் எலுமிச்சை முட்கிளைகளை நெருக்கமாகப் பரப்பிவிட்டால் பூனை கால் வைக்காது. முருங்கையடியிலே ஒரு மூலையில் மணலைக் கொட்டி, மழை படாமற் கிடுகால் மறைத்து விட்டேன். இரண்டாம் நாளே சாம்பலி அவ்விடத்தைத் தனதாக்கிக்கொண்டது. அரைமணி நேர வேலை. ஒரு சதமும் செலவில்லை. பூனை ஒன்பது கிழமையிலே ஈனும். பாலூட்டுங் காலத்திலேயே மீண்டும் சூல்கொள்ளவும் கூடும். ஆதலால் குட்டிகள் பால் மறந்ததும் சாம்பலியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். ஒரு குட்டியை எட்டுக் கிழமை ஆனபின் தருமாறு உடனாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். மற்றதை விட மகள் சம்மதிக்கமாட்டாள். குட்டிகளைச் சந்தியிலும் சந்தையிலும் கோயில் வாசலிலும் கொண்டுபோய் விடுவது நம் ஊர்களிலே பலரும் செய்கிற காரியம். கண்ணுக்கு எட்டாத இடத்திலே விட்டதும் காரியம் தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறோம். நானும் அன்று காலை அப்படித்தான் எண்ணினேன்.

மூன்றாம் முறை தூவிய விதை எட்டாம் நாள் முளைத்தது. இப்போது இவ்விரண்டு இலை விட்டு நிற்கிறது. ஆகவே கோயில் வீதியிலே யாரேனும் கேட்டால், நாற்று நலம் என்று இனிப் பொய்யின்றிச் சொல்லலாம். மரக்கறிச் சந்தைக்குப் போகும்போது மட்டும், பக்கத்திலுள்ள மீன்பகுதிக்குள்ளும் ஒருமுறை நுழைந்து, மேடைகளின் கீழே குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன். சைவக்காரன் இங்கே எதைத் தேடுகிறான் என்று சிலர் பார்க்கிறார்கள்.