கறண்டுக்கு நிறம் தெரியாதாம்!

"மின்சாரம் தாக்கிக் குடும்பஸ்தர் பலி." செய்தி மேசையில் இருந்த காலத்தில் இந்தத் தலைப்பை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஊர், வயது, எத்தனை பிள்ளைகளின் தந்தை, சடலம் எந்த வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது, மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். ஆறு வரி. வீடு எரிந்தால் அதற்கும் ஒரு சொல் தயாராக இருந்தது: மின்னொழுக்கு. காட்டிலிருந்து வந்த யானை போல மின்சாரம் தாக்கியது என்று எழுதினோம். மாரிகாலத்துக் கூரை போல அது ஒழுகியது என்றும் எழுதினோம். அந்தக் கம்பியை அந்த இடத்தில் கொண்டுபோய் முறுக்கிவிட்டவர் யார் என்று ஒரு நிருபரிடமும் நான் கேட்டதில்லை.

அண்மையில் என் வீட்டிலேயே அந்த ஆறு வரிச் செய்தி நடந்திருக்கவேண்டியது.

சமையலறையில் மின்விசிறி பூட்டுவதற்கு ஓர் இளைஞன் வந்திருந்தான். "மெயினை நிப்பாட்டட்டோ ஐயா?" என்று முறையாகவே கேட்டான். நான் கணினியில் எழுதிக்கொண்டிருந்தேன். "வேண்டாம் தம்பி, அந்தச் சுவிட்சை மட்டும் நிப்பாட்டினால் போதும்" என்றேன். ஏணியில் ஏறி, பழைய விளக்கின் இணைப்பைக் கழற்றி, அங்கு தொங்கிய நீலக் கம்பியில் ரெஸ்ரரை வைத்துப் பார்த்திருக்கிறான். எரியவில்லை. நீலம் என்றால் நியூட்ரல், ரெஸ்ரரும் எரியவில்லை. வேறு என்ன சாட்சி வேண்டும்? ஒரு கையில் அந்தக் கம்பி, மற்றக் கை கொங்கிறீற் தட்டிலிருந்து இறங்கிய இரும்புக் கொக்கியில். அந்த நேரம் பார்த்து என் பேரன், இருட்டாக இருக்கிறதே என்று சுவிட்சைப் போட்டுவிட்டான்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் அணைந்தது. இளைஞன் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டுச் சுளுக்குடன் தப்பினான். மழைநாட்களில் தொல்லை தருகிறது என்று அந்த ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரே இணைக்கும்படி எனக்கு முன்பு ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. நான் கேட்காமல் விட்டது சோம்பலாலேயன்றி அறிவினால் அல்ல.

அந்த நீலக் கம்பி நொதுமற்கம்பியே அல்ல. சுவிட்சிலிருந்து விளக்குக்கு வரும் உயிர்க்கம்பி அது. சுவிட்ச் நிறுத்தியிருக்கும்போது அதில் மின் இல்லை. போட்டவுடன் 230 வோல்ற்று. சமையலறையைப் பெருப்பித்தபோது வயரிங் செய்தவரைத் தொலைபேசியில் பிடித்து, ஏன் நீலம் என்று கேட்டேன்.

"கபிலம் முடிஞ்சுபோச்சு ஐயா. கறண்டுக்கு என்ன, கலர் தெரியுமே?"

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. இதை அவர் ஒருவர் மட்டும் சொல்வதில்லை. நான் விசாரித்த பலரும் ஒரு சிரிப்போடு சொல்கிறார்கள். மின்சாரத்துக்கு நிறம் தெரியாதென்பது உண்மைதான். நிறம் மின்சாரத்துக்காக வைக்கப்படவில்லை. பத்து வருடம் கழித்து அந்த ஏணியில் ஏறப்போகும், தான் பார்த்தேயிராத இன்னொரு மனிதனுக்காக வைக்கப்பட்டது. அவனுக்கு எழுதிய கடிதத்தில் பொய் எழுதிவிட்டு, கடதாசிக்கு எழுத்துத் தெரியாது என்று சொல்வது என்ன நியாயம்?

கபிலம் முடிந்தால் கடைக்கு ஓடவேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. நீலக் கம்பியை உயிர்க்கம்பியாகப் பயன்படுத்தும் தேவை வந்தால், அதன் இரு முனைகளிலும் கபில நிற நாடா சுற்றவேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் கைக்கொள்ளும் பழைய வழக்கம். கறுப்புக் கம்பிக்கு அந்நாளில் சிவப்பு உறை போட்டார்கள். இரண்டு அங்குல நாடா! அதற்குத்தான் பஞ்சம். பச்சை–மஞ்சளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அது புவிக்கம்பி, நாடா சுற்றியும் வேறு வேலைக்கு எடுக்கலாகாது.

இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். நாம் பிரித்தானிய வழக்கத்தில் வளர்ந்தவர்கள். என் வீட்டின் பழைய பகுதிச் சுவர்களுக்குள் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமற்கம்பி, பச்சை புவிக்கம்பி. புதிய பகுதியில் கபிலம், நீலம், பச்சை–மஞ்சள். பிரித்தானியர் மின் உபகரணங்களின் வயர்களுக்கு இந்தப் புதிய நிறங்களை 1969ஆம் ஆண்டின் சட்டவிதிகளால் கொண்டுவந்தார்கள். சுவருக்குள் ஓடும் கம்பிகளுக்கோ 2004இல்தான் அனுமதித்து, 2006 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கினார்கள். மாற்றத்துக்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று. ஜேர்மனியின் பழைய முறையில் சிவப்பு என்பது புவிக்கம்பி. அத்தகைய உபகரணம் ஒன்றை வாங்கிவந்து, நம் வழக்கப்படி சிவப்பை உயிர்க்கம்பியோடு பூட்டினால் அதன் உலோக உடல் முழுவதும் மின்னேறி நிற்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுடைய ஆண்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்பதும் கவனிக்கப்படவேண்டியது. அவர்களுக்குச் சிவப்பு உயிர், பச்சை புவி என்பதைவிட மோசமான ஏற்பாடு வேறில்லை. புவிக்கம்பியின் இரட்டை வரி அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் இரு முறைகளும் ஒரே வீட்டில் சந்திக்கும்போதுதான் வினை. மூன்று பேஸ் இணைப்பின் பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் உயிர்க்கம்பிகள், கறுப்பு நொதுமல். புதிய முறையில் கபிலம், கறுப்பு, சாம்பல் மூன்றும் உயிர்க்கம்பிகள்; நீலம் நொதுமல். நேற்று ஆபத்தாக இருந்த நீலம் இன்று நியூட்ரல், நேற்று நியூட்ரலாக இருந்த கறுப்பு இன்று ஆபத்து. இதனால்தான் இரண்டும் கலந்த இடங்களில் மெயின் பெட்டியருகே எச்சரிக்கை அறிவித்தல் ஒட்டவேண்டும் என்று பிரித்தானிய விதி முன்பு சொன்னது. நம் பிள்ளைகளோ பாடசாலையில் கபிலம், நீலம், பச்சை–மஞ்சள் என்று மனனம் செய்து புள்ளி வாங்கிவிட்டு, சிவப்பும் கறுப்பும் ஓடும் வீட்டுக்குத் திரும்பிவருகிறார்கள்.

ரெஸ்ரர் இருக்கும்போது நிறம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் வீட்டு ஏணியே பதில். இந்தக் கணத்தில் மின் இருக்கிறதா என்பதை மட்டுமே அந்தச் சிறு விளக்கு காட்டும். அடுத்த கணத்தைச் சொல்லாது. எங்கோ நொதுமற்கம்பி அறுந்திருந்தால், சுவிட்ச் போட்டிருக்கும் விளக்கினூடாக மின் வந்து அந்த நொதுமற்கம்பியிலும் ரெஸ்ரர் எரியும். அப்போது அதை உயிர்க்கம்பி என்பீர்களா?

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். அது போகும் மின்னையும் திரும்பும் மின்னையும் ஒப்பிட்டு, வீடுகளில் வழக்கமாக 30 மில்லி அம்பியர் வித்தியாசத்தில் துண்டிக்கும். உடலினூடாக மின் நிலத்துக்கு ஓடினால் அந்த வித்தியாசம் தெரியும். ஒரு கையில் உயிர்க்கம்பியும் மறு கையில் நொதுமற்கம்பியுமாக ஒருவர், நிலத்தோடு தொடர்பின்றி நின்றால், போனதெல்லாம் திரும்பிவருகிறது; அது பாட்டுக்கு இருக்கும்.

மின்வேலைக்காரரை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு உரிமையில்லை. பெருப்பித்த சமையலறைக்கு மாபிள் தெரிவுசெய்ய மூன்று கடை ஏறினேன். வயர் விடயத்தில் நான் கேட்டவை இரண்டே கேள்விகள்: எவ்வளவு குறைக்கலாம், நாளைக்கு முடியுமா? சுவரை மூடிப் பூசுமுன் ஒரு தடவை எட்டிப்பார்த்திருந்தால் நீலத்தைக் கண்டிருப்பேன். கண்டாலும் எனக்கு விளங்கியிராது என்பதே வெட்கக்கேடு. அன்று "மெயினை நிப்பாட்டட்டோ" என்று கேட்ட ஒரே மனிதனுக்கு "வேண்டாம்" என்றவனும் நான்தான்.

இளைஞன் மணிக்கட்டுக் குணமானதும் திரும்பி வந்தான். மெயினை நானே நிறுத்தினேன். வீட்டிலிருந்த ஒவ்வொரு சுவிட்சையும் கழற்றிப் பார்த்து, இன்னும் இரண்டு இடங்களில் இதே கூத்தைக் கண்டுபிடித்தான். அவற்றில் ஒன்றில் சுவிட்ச் நொதுமற்கம்பியை வெட்டியது. அதாவது விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின் இருந்தது. அந்தக் குமிழை எத்தனை தடவை ஈரக்கையால் மாற்றியிருப்பேன்! அதைச் சரிசெய்து, மற்ற இடங்களில் நீலத்தின் முனைகளில் கபில நாடா சுற்றினான். எந்தச் சுவரில் எந்த நிறம் என்று அவன் சொல்லச் சொல்ல ஒரு தாளில் வரைந்து, ஒரு பிரதியை மெயின் பெட்டிக்குள் ஒட்டினேன். மற்றதைக் காணி உறுதியோடு வைத்திருக்கிறேன்.