பட்டியலில் இல்லாத நாடுகள்: வெளியுறவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு வெளியுறவு அமைச்சர் திரு. ஜெய்சங்கர் அவர்களுக்கு,

2025 நவம்பர் 6 அன்று மேற்கு மாலியில் கோப்ரி என்ற ஊருக்கு அருகே தமிழர் ஐந்து பேரை ஆயுதக் கும்பல் ஒன்று கடத்திக்கொண்டு போனது. தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள். மின்பாதை அமைக்கப் போனவர்கள். வேலைக்கு அனுப்பிய நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது எங்கள் மும்பையில். தாராவித் தமிழர்களில் மிகப் பலருக்கு நெல்லைச் சீமைதான் சொந்த ஊர் என்பதால், இங்கே அதை யாரும் வெளிநாட்டுச் செய்தியாகப் படிக்கவில்லை. மீட்புப் பேச்சு பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. அந்த வேலையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது. நான் கேட்பது, ஆள் விமானம் ஏறுவதற்கு முன்னால் நடக்க வேண்டியதைப் பற்றி.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்குப் போக முன் அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் 18 நாடுகள் இருக்கின்றன. வளைகுடா நாடுகள் ஆறும் உண்டு. ஈராக், லிபியா, ஏமன், ஆப்கானிஸ்தான் உண்டு. மலேசியாவும் தாய்லாந்தும்கூட உண்டு. மாலி இல்லை, நைஜர் இல்லை, புர்கினா ஃபாசோ இல்லை. பினாங்கில் ஓட்டல் வேலைக்குப் போகிறவனிடம் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லும் அரசு, மாலிக்குப் போகிறவனிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்த அனுமதியோடு சேர்ந்துவரும் பத்து லட்ச ரூபாய்க் காப்பீடும் அவனுக்குக் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியம். அதைக் கட்டச் சொல்லக்கூட ஆளில்லை.

கோப்ரிக் கடத்தல் எதிர்பாராமல் நடந்ததென்றும் சொல்ல முடியாது. அதே 2025இல் ஏப்ரலில் நைஜரின் தில்லாபேரி பகுதியில் ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஐந்து பேர் கடத்தப்பட்டார்கள். ஜூலை 1 அன்று மாலியின் காயேயில் சிமெண்ட் ஆலையிலிருந்து இந்தியர் மூவர். இரண்டு வாரம் கழித்து நைஜரின் தோசோவில் இந்தியர் இருவர் கொல்லப்பட்டார்கள், ஒருவர் கடத்தப்பட்டார். இவ்வளவுக்குப் பிறகும் பட்டியல் பழையபடியே இருந்தது.

மின்பாதை வேலையில் ஒரு சிக்கல் உண்டு. ஆலையென்றால் சுற்றுச்சுவர் கட்டி, வாசலில் காவல் போடலாம். டவர் வேலை கிலோமீட்டர் கணக்கில் வெட்டவெளியில் நீண்டுகொண்டே போகும். கேம்ப்பிலிருந்து காலையில் அதே நேரத்தில், அதே பாதையில், அதே பிக்கப் வண்டியில் கேங் கிளம்பும். இரண்டு நாள் பார்த்தால் போதும், யார் எங்கே எப்போது இருப்பார்கள் என்று தெரிந்துவிடும். 2018 மே மாதம் ஆப்கானிஸ்தானின் பக்லானில் ஏழு இந்தியப் பொறியாளர்களைப் பிடித்ததும் சாலையில் போய்க்கொண்டிருந்தபோதுதான். அவர்கள் மும்பையின் கேஇசி நிறுவனத்துக்காக மின் வேலை செய்தவர்கள். முதல் ஆள் விடுபட ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

தாராவி 90 அடிச் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில், ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும் தம்பி ஒருவனின் நியமனக் கடிதத்தைப் படித்தேன். சம்பளம், ஓவர்டைம், சாப்பாடு, வருடம் ஒரு முறை டிக்கெட், சொந்தக் காரணத்துக்காக நடுவில் திரும்பினால் பிடிக்கும் தொகை எல்லாம் வரிசையாக இருந்தன. கலவரம் வந்தால் யார் வெளியேற்றுவது, கடத்தப்பட்டால் வீட்டுக்குச் சம்பளம் போகுமா என்று ஒரு வரி இல்லை. டெண்டர் பேச்சுக்கு நாலு நாள் போய்வரும் மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வசிக்கும் மேலாளருக்குக் காவலுள்ள ஓட்டலும் விமான நிலையம்வரை வண்டியும் ஏற்பாடாகும். மாதக்கணக்கில் சைட்டில் கிடப்பவனுக்கு மேஸ்திரியின் கைபேசி எண்தான் பாதுகாப்பு.

மாலி போன்ற நாடுகளைப் பட்டியலில் சேர்த்தால் கடத்தல் நின்றுவிடுமா என்று உங்கள் அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டியலில் இருந்த ஈராக்கில்தான் 2014இல் மொசூலில் கடத்தப்பட்ட இந்தியர் 39 பேரை இழந்தோம்; அவர்கள் உயிரோடு இல்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவிக்க 2018 மார்ச் ஆனது. துப்பாக்கியைப் பட்டியல் தடுக்காதுதான். ஆனால் நிறுவனத்தின் கையெழுத்து அரசின் கோப்பில் இருக்கும். ஆள் எங்கே வேலை செய்கிறான் என்பது கடத்தல் நடப்பதற்கு முன்பே தூதரகத்துக்குத் தெரிந்திருக்கும்.

எல்லாப் பொறுப்பையும் பயணியின் தலையில் கட்டாதீர்கள். படித்தவர்களும் இந்த 18 நாடுகளுக்குப் போகுமுன் இணையத்தில் பதிய வேண்டும் என்று 2018இல் உங்கள் அமைச்சகம் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. கேட்டது தப்பில்லை, ஆளைத்தான் மாற்றிக் கேட்டுவிட்டார்கள். பதிய வேண்டியது அனுப்புகிற நிறுவனம். அதோடு வண்டி எந்தப் பாதையில் போகும், காவல் யார், எந்த நிலை வந்தால் வேலையை நிறுத்துவார்கள் என்பதையும் எழுதித் தரட்டும்.

நிறுவனங்களை இதற்கு இணங்கவைக்கும் பிடிமானம் உங்கள் அரசிடமே இருக்கிறது. கஃப் பரேடில் தலைமையகம் வைத்திருக்கும் எக்ஸிம் வங்கி, மாலி உட்பட ஆப்பிரிக்க நாடுகளின் மின் திட்டங்களுக்குக் கடன் தருகிறது. பெரும்பங்குப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடத் தெரிந்த வங்கிக்கு, வேலையாட்களின் பாதுகாப்புச் செலவும் கடத்தல் காப்பீடும் திட்டமதிப்பிலேயே இருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை போடுவது பெரிய காரியமில்லை. டெண்டரில் எல்லோருக்கும் ஒரே விதி என்றால், பாதுகாப்பைக் குறைத்து விலையைக் குறைப்பவனுக்கு லாபமும் இராது.

புதிய குடிபெயர்வு மசோதாவின் வரைவை 2025 அக்டோபரில் உங்கள் அமைச்சகம் வெளியிட்டது. இந்த விதிகளை அதில் எழுதிச் சேருங்கள். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் மாலியையும் நைஜரையும் புர்கினா ஃபாசோவையும் பட்டியலில் சேருங்கள். எச்சரிக்கை அறிவிப்புகளைத் தமிழிலும் இந்தியிலும் போடுங்கள். தாராவியில் அவற்றை அச்சடித்துச் சங்கங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஒட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மும்பைத் தமிழன் ஒருவன்